உருளையின் தலையில் ஒரு காரியஸ்தர்

துவரம்பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் விறைத்தபடியே இருப்பதும், சோப்பைத் தேய்க்கத் தேய்க்க நுரை வராமல் திரிந்த பால் போன்ற ஓர் அழுக்கே கையில் மிஞ்சுவதும், வாங்கி ஒரு வருஷமாகாத ஹீட்டரின் காயிலில் சுண்ணாம்பு ஓடு கட்டுவதும், குளியலறை வாளியின் விளிம்பில் வெள்ளை வளையம் படிவதும் எந்த வீட்டில் காணப்படுகின்றனவோ, அந்த வீட்டார் போர் தண்ணீரோடு ஜீவனம் நடத்துகிறவர்கள் என்பதை வேறு யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்த நீர், பாறையிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. அதைத்தான் கடினநீர் என்கிறோம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தை ஏற்கத் தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வகுத்திருக்கிறது.

இந்தக் கடினத்தைப் போக்குவதற்காக நகரத்து வீடுகள் பலவற்றின் மொட்டை மாடியிலோ பக்கச் சந்திலோ ஆளுயர உருளை ஒன்று இப்போது நிற்கிறது. சாஃப்ட்னர் என்று அதற்குப் பெயர். உருளைக்குள் கசகசாவைப் போன்ற ரெசின் மணிகள் இருக்கின்றன. பக்கத்தில் உப்புத் தொட்டி ஒன்று இருக்கிறது. உருளையின் தலையில், மின்சார வயரோடும் மூன்று நான்கு குழாய்களோடும், வால்வு ஒன்று அமர்ந்திருக்கிறது. மெக்கானிக்குகள் இதை 'ஹெட்' என்றே சொல்வார்கள். கையால் பிடியைத் திருப்பி இயக்கும் வகையும் உண்டு, வேளை வந்தால் தானே இயங்கும் வகையும் உண்டு. பின்னதைப் பற்றியே இங்கே சொல்லப் போகிறேன். அக்காலத்துப் பெரிய குடும்பங்களில் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, எந்த அறையை எப்போது திறக்க வேண்டும், எதை எப்போது மூட வேண்டும் என்பதைக் கிரமம் தவறாமல் நடத்திவந்த காரியஸ்தரைப் போன்றது அது. பெருங்காரியமெல்லாம் ரெசினுடையது, ஆனால் கிரமம் காரியஸ்தருடையது.

ரெசினின் காரியம் பண்டமாற்று. 1850-ஐ ஒட்டி இங்கிலாந்தில் தாம்ஸன், வே என்னும் இருவர், வயல் மண்ணில் அம்மோனியா உப்பு கலந்த நீரை ஊற்றினால் மண் அம்மோனியாவைப் பிடித்து வைத்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சுண்ணாம்புச் சத்தை வெளியே விடுகிறது என்று கண்டு எழுதினார்கள். 1935-ல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இரு ஆங்கிலேய ரஸாயன விஞ்ஞானிகள், செயற்கைப் பிசினாலும் இதே பண்டமாற்றைச் செய்ய முடியும் என்று நிரூபித்தார்கள். நம் வீட்டு ரெசின் மணிகள் அந்த வம்சத்தில் வந்தவை. அவை தம்மிடமுள்ள சோடியத்தைக் கொடுத்து, நீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் வாங்கிக்கொள்கின்றன. கையிருப்பு தீர்ந்ததும் அடர்ந்த உப்புநீரை அவற்றின்மேல் விட்டால், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் சோடியத்தை ஏற்றுக்கொள்கின்றன. இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஒரு வீட்டில் தினம் 500 லிட்டர் நீர் செலவாகிறது. கடினம் லிட்டருக்கு 600 மில்லிகிராம். அப்படியானால் ஒரு நாளைக்கு 300 கிராம் கடினத்தை ரெசின் பிடித்தாக வேண்டும். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் பிடிக்கும் என்று கொண்டால், 25 லிட்டர் ரெசின் 1,250 கிராமோடு நிறைந்துவிடும். அதாவது நாலு நாளைக்கு ஒரு முறை உப்புநீர் காட்டியாக வேண்டும். அதற்கு லிட்டர் ரெசினுக்கு 120 கிராம் வீதம் மூன்று கிலோ உப்புச் செலவாகும்.

இந்த மூன்று கிலோவை யார் நிறுக்கிறார்கள்? வால்வுதான் நிறுக்கிறது, ஆனால் தராசு இல்லாமல் நிறுக்கிறது. ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 360 கிராம் உப்பே கரையும். அதற்கு மேல் எவ்வளவு உப்பைக் கொட்டினாலும் அது அடியில் அப்படியே கிடக்கும். ஆகவே தொட்டிக்குள் எட்டே கால் லிட்டர் நீரை மட்டும் விட்டால், மூன்று கிலோ உப்பை எண்ணிக் கொடுத்ததற்குச் சமம். நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் விடும் சிறு ரப்பர்த் துளை ஒன்றின் வழியாக நாலு நிமிஷத்துக்குச் சற்று மேல் நீர் விட வேண்டும், அவ்வளவுதான். உப்பை எடைபோடும் வேலையைக் கடிகாரத்திடம் ஒப்படைத்த அந்தப் புத்தியை நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

சாதாரண வேளையில் வால்வு நீரை மேலிருந்து கீழாக ரெசினின் ஊடே அனுப்பி வீட்டுக்குள் விடுகிறது. குறித்த நாளில், வீடு உறங்கும் இரவு இரண்டு மணிக்கு, முதலில் நீரைத் தலைகீழாக, கீழிருந்து மேலாக, பத்து நிமிஷம் பாய்ச்சி, ரெசினைக் கிளறி, சேற்றையும் துருவையும் வடிகாலில் தள்ளுகிறது; இதுதான் பேக்வாஷ். பிறகு உப்புநீரை இழுத்து ரெசினின்மேல் மெதுவாக விட்டு, அதைத் தொடர்ந்து நல்ல நீராலும் மெதுவாக அலசுகிறது. இதற்குச் சுமார் ஒரு மணி நேரமாகும். அடுத்துச் சில நிமிஷங்கள் வேகமாக அலசுகிறது. கடைசியில் அடுத்த முறைக்காக உப்புத் தொட்டியில் நீர் நிரப்பிவிட்டுப் பழைய ஸ்தானத்துக்குத் திரும்புகிறது. உப்புநீரை இழுப்பதற்குத் தனியே பம்பு கிடையாது. குறுகிய துளைக்குள் நீர் வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைந்துவிடும் என்று இத்தாலிய விஞ்ஞானி வெஞ்சூரி 1797-ல் எழுதி வைத்த தத்துவம் போதுமானதாயிருக்கிறது. குண்டூசித் தலையளவான துளை கொண்ட இன்ஜெக்டர் என்னும் சிறு உறுப்புக்குள் குழாய் நீர் பாய, அதன் பக்கவாட்டில் உண்டாகும் உறிஞ்சலில் தொட்டி உப்புநீர் தானாக ஏறி வருகிறது.

இத்தனை திசைமாற்றங்களையும் செய்வது ஒரே ஒரு பிஸ்டன். கட்டை விரல் பருமனான அந்தத் தண்டு, வரிசையாக அடுக்கிய ரப்பர் வளையங்களுக்கு நடுவே முன்னும் பின்னும் நகர்கிறது. இரண்டிரண்டு வளையங்களுக்கு இடையில் ஓட்டை நிறைந்த பிளாஸ்டிக் இடைக்கூடு ஒன்று இருக்கும். அதன் வழியாக நீர் புகும். பிஸ்டனின் பருத்த பாகம் வளையத்துக்குள் இருந்தால் அவ்வழி அடைபடும், மெலிந்த பாகம் வந்தால் வழி திறக்கும். என் வீட்டு வால்வில் வளையங்கள் ஐந்து, இடைக்கூடுகள் நான்கு. இந்த ஐந்து என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் ஒருமுறை மறந்து அவதிப்பட்டேன்.

சென்ற கோடையில், இரவெல்லாம் பக்கச் சந்தில் நீர் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. காலையில் மேல்தொட்டி காலியாக இருந்தது. வந்து பார்த்த பிளம்பர், வால்வை விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "ஹெட் போயிடுச்சு சார். புதுசு மாத்திடுங்க, தொல்லை விட்டுடும்" என்று பல ஆயிரம் ரூபாய் ஆகும் ஒரு தொகையைச் சொல்லிப் போனார். அவர் போன பிறகு வடிகால் குழாயின் கீழே ஒரு டம்ளரை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன்; ஒரு நிமிஷத்தில் அது நிறைந்தது. இருநூறு மில்லி டம்ளர். ஒரு நாளைக்கு 1,440 நிமிஷங்கள் அல்லவா? 288 லிட்டர் நீர், யாருக்கும் பிரயோஜனமின்றிச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

சாதாரண நிலையில் இருக்கும்போது வடிகாலில் ஒரு சொட்டும் விழக்கூடாது. விழுமானால், வளையங்கள் தேய்ந்துவிட்டன அல்லது ஏதோ மணலோ சுண்ணாம்புத் துணுக்கோ இடையில் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மற்ற நோய்களுக்கும் இப்படியே தனித்தனி லக்ஷணங்கள் உண்டு. உப்புத் தொட்டியில் நீர் குறையாமலே நின்றால் இன்ஜெக்டரோ அதன் முன்னுள்ள சல்லடையோ அடைத்திருக்கிறது. நின்ற நீரின்மேல் மேலும் நீர் சேரத் தொட்டி நிரம்பி வழியும். தொட்டிக்கு நீர் விடும் சிறு அடைப்பான் சரியாக மூடாவிட்டாலும் வழியும். குளியலறைக் குழாயில் உப்புக் கரித்தால் அலசல் போதவில்லை. உப்பு இருந்தும் நீர் கடினமாகவே வந்தால், உருளைக்குள் போகாமல் நீரை நேரே வீட்டுக்கு விடும் பைபாஸை யாரோ திறந்து வைத்துவிட்டு மறந்துபோனார்களா என்று முதலில் பார்ப்பது நல்லது. காசு செலவில்லாத சிகிச்சை அதுதான்.

நிற்க. வளையத் தொகுதி சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. மின்சாரத்தை நிறுத்தி, பைபாஸைத் திருப்பி, உருளைக்கு அப்பாலுள்ள குழாயைத் திறந்து உள்ளே அடைபட்டிருந்த அழுத்தத்தை வடியவிட்ட பிறகே ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். அழுத்தம் வடியாத வால்வின் ஆணிகளைக் கழற்றுவது ஆபத்து. பிறகு பிஸ்டனை நகர்த்தும் மோட்டார்ப் பெட்டியைக் கழற்றி, பிஸ்டனைச் சாய்க்காமல் நேராக இழுத்தேன். அதன் பளபளப்பில் நீளவாட்டில் ஒரு கீறலும் இருக்கக்கூடாது. இருந்தால் பிஸ்டனையும் மாற்ற வேண்டியதுதான். என்னுடையது தப்பியிருந்தது. வளையங்களையும் இடைக்கூடுகளையும் நுனி மடித்த கம்பியால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பழைய வேட்டித் துண்டின்மேல் வந்த வரிசையிலேயே பரப்பினேன். மூன்றாவது வளையத்தின் உதட்டில், அரிசி நொய்யளவு வெள்ளைச் சுண்ணாம்புத் துணுக்கு ஒன்று புதைந்திருந்தது. 288 லிட்டரும் அதன் உபயம்!

உள்ளே படிந்த சுண்ணாம்பை வினிகர் நனைத்த துணியால் துடைத்தேன்; உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சுவரில் கீறல் விழுந்து புதுக் கசிவுக்கு வழியாகும். இன்ஜெக்டரைக் கழற்றி, துடைப்பத்திலிருந்து உருவிய மெல்லிய ஈர்க்கால் துளையைச் சுத்தம் செய்தேன். ஊசி போட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, வெஞ்சூரியின் தத்துவம் நம் வீட்டில் மட்டும் பலிக்காமல் போகும். புது வளையங்களுக்குச் சிலிக்கான் கிரீஸைப் பட்டும்படாமல் தடவினேன். வாஸ்லினோ தேங்காயெண்ணெயோ போடலாமே என்று தோன்றும், கூடாது. இவ்வகை ரப்பர்களில் பல எண்ணெய்ப் பசையை உறிஞ்சி ஊதிப்போகும். ஊதிய வளையத்தில் பிஸ்டன் இறுகி, மோட்டார் திணறும்.

எல்லாவற்றையும் அடுக்கி, பிஸ்டனைச் செருகி, ஆணிகளை முடுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, காப்பி கொண்டு வந்த என் மனைவி வேட்டித் துண்டைக் காட்டி, "என்னங்க, இது எங்கே போகணும்?" என்று கேட்டாள். புது வளையம் ஒன்று அங்கே கிடந்தது. ஐந்துக்கு நான்கு போட்டு மூடியிருக்கிறேன்! காப்பி ஆறிப்போக, மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் கழற்றினேன். இந்த யந்திரத்தில் அறிவுக்கு எட்டாத மர்மம் ஒன்றுமில்லை. ஒரு வளையம், ஒரு கூடு, ஒரு வளையம், ஒரு கூடு என்கிற கிரமம்தான் அதன் சாமர்த்தியம் முழுவதும். அந்தக் கிரமத்தைக் கைவிட்டவனுக்கு அது ஒரு கால் மணி நேரமும் உழைக்காது.

மூடிய பின் நீரைப் பைபாஸிலிருந்து உருளைக்குத் தடாலென்று திருப்பக்கூடாது. வால்வைப் பேக்வாஷ் நிலையில் வைத்து, நீரைக் கால்வாசி மட்டும் திறந்து, உள்ளே சிக்கிய காற்றெல்லாம் வடிகால் வழியே கொப்பளித்து வெளியேறும் வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் காற்றோடு ரெசினும் அடித்துக்கொண்டு போய்விடும்.

பராமரிப்பு என்பது இதைவிட எளிது. தூத்துக்குடி உப்பளத்திலிருந்து வரும் கல்லுப்பில் மணலும் மண்ணும் கொஞ்சம் கலந்தே இருக்கும்; அது தொட்டியின் அடியில் சேறாகப் படிந்து இன்ஜெக்டருக்கு யமனாகிறது. சுத்தமான உப்பாக வாங்குவதும், வருஷத்துக்கு ஒரு முறையாவது தொட்டியைக் கவிழ்த்துக் கழுவுவதும் பெருந்தொல்லையைத் தவிர்க்கும். சுற்றும் கடிகாரம் வைத்த பழைய வகையாயின், மின்சாரம் போய்வந்த பின் மணியைச் சரிசெய்ய வேண்டும். நாலு மணி நேரம் மின்வெட்டு என்றால், இரவு இரண்டு மணிக்கு நடக்க வேண்டியது காலை ஆறு மணிக்கு, வீட்டார் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நிற்கும் வேளையில் ஆரம்பிக்கும். அப்போது குழாயில் வருவது அசல் போர் தண்ணீர்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சாஃப்ட்னர் நீரைக் குடிநீராக்குவதில்லை, நீரில் கரைந்துள்ள மொத்த உப்புகளின் அளவான டிடிஎஸ்ஸையும் குறைப்பதில்லை. கடினம் 100 மில்லிகிராம் போனால் அதற்கு ஈடாக 46 மில்லிகிராம் சோடியம் வந்து சேர்கிறது; 600 போனால் 276. ரத்த அழுத்தமுள்ளவர்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் வேறு வழி செய்துகொள்வதே உசிதம்.

அன்று மாலை வடிகாலின் கீழே அதே டம்ளரை வைத்துவிட்டு வந்தேன். காலையில் எடுத்துப் பார்த்தேன். ஓர் எறும்பு மட்டும் அதன் அடியில் காய்ந்த தரையில் நடந்துகொண்டிருந்தது. அடுத்த முறை எப்போது பிரிக்க வேண்டும் என்பது தெரிவதற்காக, உப்புத் தொட்டி மூடியின் உட்புறத்தில் தேதியை மார்க்கரால் எழுதி வைத்தேன். சில நாள் கழித்து உப்புப் போடத் திறந்தபோது, என் எழுத்தின் கீழே வேறொரு கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: "வளையம் ஐந்து. எண்ணிவிட்டு மூடவும்."