பிளக் பொருந்தும், வேகம் பொருந்துமா?

ஐரோப்பிய நகரங்களில் தெருவோரம் நிற்கும் ஏசி சார்ஜிங் கம்பங்கள் பலவற்றில் 22 கிலோவாட் என்று எழுதியிருக்கும். 16 ஆம்பியர் ஒருமுனை (சிங்கிள்-ஃபேஸ்) சார்ஜர் கொண்ட பிளக்-இன் ஹைப்ரிட் கார் ஒன்றை அங்கே கொண்டுபோய்ச் சொருகினால், 3.7 கிலோவாட்டுக்கு மேல் ஏறாது. பக்கத்திலேயே 150 கிலோவாட் டிசி கம்பம் இருந்தாலும் பெரும்பாலும் பயனில்லை. அதன் கன் அந்தக் காரில் நுழையவே நுழையாது. கம்பத்தில் கோளாறு இல்லை, காரிலும் இல்லை. எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்த இந்தக் கார்களுக்குப் பொதுச் சார்ஜிங் கணக்கே வேறு.

சாதாரண ஹைப்ரிட் காருக்கு வெளியிலிருந்து சார்ஜ் போட முடியாது. பிளக்-இன் ஹைப்ரிட்டுக்குப் போடலாம். அதற்கேற்பப் பேட்டரியும் சற்றுப் பெரியது. 2023 மாடலாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் பிரைமில் 13.6 யூனிட் பேட்டரி இருக்கிறது. ஒரு முறை நிரப்பினால் அதிகபட்சம் 71 கிலோமீட்டர் வரை மின்சாரத்திலேயே ஓடும். அது தீர்ந்ததும் பெட்ரோல் எஞ்சின் பொறுப்பேற்கும்.

சார்ஜர் இருப்பது காருக்குள்

பேட்டரிக்குள் போவது டிசி, அதாவது நேர்திசை மின்சாரம். வீட்டுக்கும் தெருவுக்கும் வருவது ஏசி, மாறுதிசை மின்சாரம். ஒன்றை இன்னொன்றாக மாற்றும் சார்ஜர் ஏசி கம்பத்துக்குள் கிடையாது. அங்கே இருப்பவை ரிலே, பாதுகாப்புச் சுற்று, மீட்டர், அவ்வளவுதான். மாற்றும் வேலையைச் செய்வது காருக்குள் பொருத்தப்பட்ட சார்ஜர். எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைத் தீர்மானிப்பதும் அதுவே.

பிளக்-இன் ஹைப்ரிட் காரில் எஞ்சின், பெட்ரோல் டேங்க், மோட்டார், பேட்டரி எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். விலையும் எடையும் கூடக் கூடாது. பேட்டரி சிறியதுதானே, எஞ்சினும் துணைக்கு இருக்கிறதே என்று தயாரிப்பாளர்கள் சார்ஜரைச் சிறிதாகவே வைக்கிறார்கள். பிரியஸ் பிரைமில் 3.5 கிலோவாட். 240 வோல்ட் கம்பத்தில் பேட்டரி நிரம்பச் சுமார் 4 மணி நேரம், அமெரிக்க வீடுகளின் சாதாரண 120 வோல்ட் சாக்கெட்டில் சுமார் 11 மணி நேரம். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே சட்டி நிறைய இருக்கிறது, அகப்பைதான் சிறியது.

சொருகியதும் என்ன நடக்கிறது?

ஏசி கன்னில் மின்சாரம் செல்லும் தடித்த முனைகளோடு இரண்டு மெல்லிய முனைகளும் உண்டு. அவற்றில் ஒன்று, கம்பமும் காரும் பேசிக்கொள்வதற்கானது. சொருகுவதற்கு முன் கம்பம் அதில் 12 வோல்ட்டை வைத்திருக்கும். சொருகியதும் காருக்குள் இருக்கும் மின்தடை அதை 9 வோல்ட்டுக்கு இறக்கும். கார் வந்துவிட்டது என்று கம்பத்துக்குத் தெரியும். உடனே அது விநாடிக்கு 1,000 முறை ஏறி இறங்கும் சதுர அலையை அனுப்பும். ஒவ்வொரு சுற்றிலும் அலை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதில்தான் செய்தி. பாதி நேரம் நின்றால், 30 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள். கால்வாசிக்குச் சற்று மேல் என்றால் 16 ஆம்பியர். கார் தயாரானதும் வோல்ட்டை 6க்கு இறக்கும். அப்போதுதான் கம்பத்துக்குள் ரிலே டக்கென்று மூடி மின்சாரம் பாயும். அதுவரை கன்னின் தடித்த முனைகளில் மின்சாரமே இருக்காது என்பதால் மழையிலும் அச்சமின்றிச் சொருகலாம்.

கம்பம் சொல்வது உச்சவரம்பை மட்டும்தான். அதற்குள் எவ்வளவு வேண்டும் என்பது காரின் விருப்பம். பெரிய கம்பத்தில் சிறிய காரைச் சொருகினால் எதுவும் கருகிவிடாது.

நாட்டுக்கு நாடு வேறு வாய்

ஏசிக்கு அமெரிக்காவும் ஜப்பானும் ஐந்து முனை கொண்ட டைப்-1 பிளக்கை ஏற்றுக்கொண்டன. ஐரோப்பா ஏழு முனை கொண்ட டைப்-2வைத் தேர்ந்தெடுத்து, 2014இல் சட்டமாகவே ஆக்கியது. இந்தியக் கார்களிலும் டைப்-2தான் பரவலாக இருக்கிறது. சீனாவுக்குத் தனி வடிவம். டெஸ்லா தன் பிளக்கை 2022 நவம்பரில் மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. இப்போது வட அமெரிக்காவில் பல நிறுவனங்கள் அதற்கு மாறி வருகின்றன.

வடிவங்கள் பலவானாலும் மேலே சொன்ன 12, 9, 6 வோல்ட் உரையாடல் டைப்-1, டைப்-2, டெஸ்லாவின் புதிய தரம் மூன்றிலும் ஒன்றே. அதனால் ஏசியில் ஒரு கம்பத்தை இன்னொரு வகைக் காரோடு இணைக்க மின்னணுக் கருவி எதுவும் வேண்டாம். இரு முனையிலும் வேறு வேறு பிளக் உள்ள கேபிளே போதும். பிரிட்டனில் 2014 முதல் விற்ற மிட்சுபிஷி அவுட்லேண்டரில் டைப்-1 வாய்தான். தெருக் கம்பங்களில் கேபிள் இல்லாத டைப்-2 சாக்கெட். ஒரு முனை டைப்-2, மறுமுனை டைப்-1 கொண்ட கேபிளை டிக்கியில் வைத்துக்கொண்டு அந்தக் காரின் சொந்தக்காரர்கள் சிரமமில்லாமல் சமாளித்தார்கள்.

இந்தச் சலுகை டிசிக்குக் கிடையாது. டெஸ்லா பிளக்கை டைப்-1 ஆக மாற்றும் சிறிய அடாப்டர்கள் சந்தையில் கிடைக்கின்றன. ஓட்டல்களில் டெஸ்லா வைத்திருக்கும் ஏசி கம்பங்கள் பலவற்றில் அவை வேலை செய்யும். நெடுஞ்சாலையோர சூப்பர்சார்ஜரில் வேலை செய்யாது. அது தருவது டிசி மட்டும். காரில் டிசியை வாங்கும் வாய் இல்லையென்றால் எந்த அடாப்டராலும் அதை உண்டாக்க முடியாது.

டிசி வாய் உள்ள பிளக்-இன் ஹைப்ரிட்டுகளும் உண்டு. அவுட்லேண்டர் 2013இல் ஜப்பானில் வந்தபோதே ஜப்பானிய டிசி வடிவமான சாடெமோ வசதி இருந்தது. 20 யூனிட் பேட்டரியோடு வந்த 2023 அமெரிக்க மாடலில் 80 சதவீதம் ஏறச் சுமார் 38 நிமிடம். ஆனால் அமெரிக்காவில் புதிய நிலையங்களில் சாடெமோ கன் அரிதாகிவருகிறது. ரேஞ்ச் ரோவர், மெர்சிடஸ் போன்ற விலையுயர்ந்த சில மாடல்கள் ஐரோப்பிய டிசி வடிவமான சிசிஎஸ்-2வுடன் வருகின்றன.

நேரத்துக்குக் காசா, யூனிட்டுக்குக் காசா?

கட்டணத்திலும் கவனம் வேண்டும். நிமிடக் கணக்கில் காசு வாங்கும் கம்பத்தில், ஒரே மணி நேரத்தில் 11 யூனிட் ஏற்றும் மின்சாரக் காரும் 3.5 யூனிட் ஏற்றும் பிளக்-இன் ஹைப்ரிட்டும் ஒரே தொகையைக் கட்டும். அப்போது பெட்ரோலே மலிவு என்று ஆகிவிடலாம். யூனிட் கணக்கில் வாங்கும் கம்பமே இந்தக் காருக்கு ஏற்றது. சார்ஜ் ஏறி முடிந்த பிறகும் காரை எடுக்காவிட்டால் தனிக் கட்டணம் போடும் நிலையங்களும் உண்டு.

ஆக, வாங்குபவர் பார்க்க வேண்டியவை மூன்று: காரின் வாய் எந்த வகை, உள்ளிருக்கும் சார்ஜர் எத்தனை கிலோவாட், வண்டி தினமும் நெடுநேரம் நிற்கும் இடத்தில் சாக்கெட் உண்டா. மூன்றாவதுதான் முக்கியம். 2021இல் பதிவான கார்களில் இருந்தே திரட்டிய தகவலை ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. பிளக்-இன் ஹைப்ரிட்டுகள் சாலையில் விடும் கரியமில வாயு, ஆய்வகக் கணக்கைப் போலச் சராசரியாக 3.5 மடங்கு இருந்தது. எதிர்பார்த்த அளவுக்கு அடிக்கடி சார்ஜ் போடப்படவில்லை என்பதே அதற்கு ஆணையம் சொன்ன காரணம்.

நெடுஞ்சாலையில் அதிவேகக் கம்பங்களைப் பெருக்கி இந்தக் குறையைத் தீர்க்க முடியாது. இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அவை பயன்படாது. அலுவலகம், அடுக்குமாடிக் குடியிருப்பு, ரயில் நிலைய வாகன நிறுத்தம் என்று கார் நான்கு மணி நேரம் சும்மா நிற்கும் இடங்களில்தான் சாக்கெட் தேவை. 22 கிலோவாட் கம்பம் ஒன்றுக்கு இழுக்கும் மும்முனை இணைப்பில், முனைக்கு இரண்டாக 3.7 கிலோவாட் சாக்கெட்டுகள் ஆறு வைக்கலாம். ஒரு காருக்குப் போடும் மின் இணைப்பில் ஆறு கார்கள் நிரம்பும்.