ஒரு வாரத்தின் சுயராஜ்யம்

பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளை என்றால் முன்பெல்லாம் நம் மனக்கண்ணில் ஒரே ஒரு சித்திரந்தான் தோன்றும்: மாந்தோப்பில் கல்லெறிந்துகொண்டிருக்கும் பையன். இன்று அப்படியில்லை. நெடுநாள் நோயில் படுத்து எழுந்த பிள்ளை, தகப்பனாருக்கு நடு வருஷத்தில் உத்தியோக மாற்றல் ஆனதால் இரண்டு ஊர்களுக்கு நடுவே நின்றுவிட்ட பிள்ளை, சங்கீதத்துக்கோ சதுரங்கத்துக்கோ நாளில் பாதியைக் கொடுத்துவிட்ட பிள்ளை, இவர்களெல்லாம் வீட்டிலேயே பாடம் படிக்கிறார்கள். 2020-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் கொரோனாவின் காரணமாகத் தேசமெங்கும் பள்ளிகள் மூடப்பட்டபோது, அநேகமாக ஒவ்வொரு வீடுமே சில காலம் பள்ளிக்கூடமாக நேர்ந்ததை நாம் மறந்துவிடவில்லை.

சிறு குழந்தைக்கு வீட்டில் பாடம் சொல்வது அவ்வளவு கடினமன்று. கதை சொல்லலாம், புளியங்கொட்டைகளைப் பரப்பிக் கணக்குச் சொல்லலாம். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளையின் விஷயம் வேறு. பாடமும் கடினம், "ஏன்?" என்று எதிர்த்துக் கேட்கும் வயது அதைவிடக் கடினம். ஆகவே கவலை கொண்ட பெற்றோர்கள் முதற் காரியமாக ஒரு பெரிய காகிதத்தை எடுத்து, காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரையில் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு பாடமாக நிரப்பிச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். திங்கட்கிழமை அது வேதவாக்காக இருக்கிறது. புதன்கிழமை அதுவே வழக்காகிறது. வெள்ளிக்கிழமைக்குள் தாயார் இன்ஸ்பெக்டராகவும், பிள்ளை பிடிபட்ட குற்றவாளியாகவும் மாறிவிடுகிறார்கள்.

இதற்குக் காரணம் தாயாருமல்ல, பிள்ளையுமல்ல, அந்தக் கட்டங்களே. பள்ளிக்கூடத்தின் மணி ஏற்பட்டது படிப்புக்காக மட்டுமல்ல, கூட்டத்துக்காகவும் தான். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் 40 நிமிஷப் பாடம் நடந்தால், பிள்ளை ஒன்றுக்கு உபாத்தியாயர் கொடுக்கக்கூடியது ஒரு நிமிஷந்தான். அதிலும் வருகைப் பதிவு, "சத்தம் போடாதே" என்னும் உபதேசம், கரும்பலகையைப் பார்த்து எழுதுதல் ஆகியவை போக மிஞ்சுவது எவ்வளவு என்பது, இத்தொழிலில் பல வருஷங்கள் கழித்த நம் போன்றவர்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளையும் அருகில் ஒரு பெரியவரும் இருக்கும் வீட்டில், காலை வேளையில் மூன்று மணி நேரம் ஊன்றிப் படித்தாலே போதுமானது. மற்ற நான்கு மணி நேரமும் கட்டத்தை நிரப்பப் பயன்படுமேயன்றி, தலையை நிரப்பாது.

அப்படியானால் திட்டமே வேண்டாமா? அவசியம் வேண்டும். ஆனால் அது நாளுக்கான திட்டமாக இல்லாமல் வாரத்துக்கான திட்டமாக இருக்கட்டும். அதைப் போடும் கை பாதியாவது பிள்ளையின் கையாக இருக்கட்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் என்பது கண்ணுக்கு எட்டாத தூரம்; ஒரு மணி நேரமோ பிறர் விரட்டும் நேரம். ஒரு வாரம் என்பதுதான் அவ்வயதில் முதலிலிருந்து முடிவு வரையில் தானே பார்த்து ஆளக்கூடிய ராஜ்யம்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் பெற்றோரில் ஒருவரும் பிள்ளையும் அரை மணி நேரம் ஒன்றாக உட்காருங்கள். ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். இடப் பக்கத்தில், அந்த வாரம் முடியவேண்டியது என்ன என்பதைப் பெரியவர் எழுதட்டும்: கணிதத்தில் ஒரு பயிற்சி, விஞ்ஞானத்தில் ஓர் அத்தியாயம், சரித்திரத்தில் ஒன்று, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு கட்டுரை. வலப் பக்கத்தில், எதை எந்த நாளில் செய்வது என்பதைப் பிள்ளை எழுதட்டும். கணிதம் தினந்தோறும் சிறிதளவு உண்டு, கடினமான பாடம் காலையில் முதலில் வரும் என்ற இரண்டு விதிகளை மட்டும் முன்பே சொல்லிவிடலாம். அதற்குமேல் வலப் பக்கத்தில் பெரியவரின் பேனா நுழையலாகாது.

"அதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று சிலர் கேட்பார்கள். 1919-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் நம் மாகாணங்களுக்கு இரட்டையாட்சி வந்ததே, அதைச் சற்று நினைத்துப் பாருங்கள். கல்வியும் சுகாதாரமும் மந்திரிகளிடம். பணமும் போலீஸும் கவர்னர் பக்கத்தில். பொறுப்பு ஒருவரிடம், அதிகாரம் மற்றொருவரிடம் என்றால் எந்த ஆட்சியும் நடவாது என்பதை நம் பெரியோர்கள் அப்போதே எடுத்துச் சொன்னார்கள். "பொறுப்பாய்ப் படி" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு, நிமிஷங்களையெல்லாம் நம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தால், அதுவும் அந்த இரட்டையாட்சிதான்.

வாரத்தை அளவாகக் கொள்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2006-ஆம் வருஷத்தில் அமெரிக்க மனோதத்துவ ஆராய்ச்சியாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கும் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது நன்றாக ஒப்பித்தார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, படித்ததைப் பாராமல் எழுதிப் பார்த்தவர்களே அதிகமாக நினைவு வைத்திருந்தார்கள். ஆகவே திங்களன்று படித்ததைப் புதனன்று புத்தகத்தை மூடிவைத்து எழுதச் சொல்லுங்கள். சனிக்கிழமை காலையில் புதிய பாடம் எதுவும் வேண்டாம். அவ்வாரத்துப் பாடங்களிலிருந்து பிள்ளையே பத்துக் கேள்விகள் தயாரித்து, தானே விடை எழுதி, தானே திருத்தட்டும்.

பாடங்களை ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டால் வாரத்துக்கு ஓர் உயிர் வரும். தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில் மேட்டூர் அணையை எடுத்துக்கொள்ளலாம். 1934-ஆம் வருஷத்தில் கட்டி முடிந்த அவ்வணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. நீர்மட்டத்தையும் நீர்வரத்தையும் தினசரிப் பத்திரிகையில் பார்த்துப் பிள்ளை வரைபடத்தாளில் குறித்து வரட்டும். வினாடிக்கு 10,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் தண்ணீர் வந்தால் எவ்வளவு சேரும்? 86.4 கோடி கன அடி. அதாவது ஒரு டி.எம்.சி.க்கும் சற்றுக் குறைவு. அவ்வளவும் கணிதம். குடகு மலையில் மழை ஏன் பெய்கிறது என்பது பூகோளம். 1924-ஆம் வருஷத்து ஒப்பந்தமும் 2018-ஆம் வருஷத்துச் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பும் சரித்திரமும் குடிமையியலும். கடைமடை விவசாயி ஒருவர் எழுதுவதுபோல ஒரு கடிதம் எழுதினால், தமிழ்க் கட்டுரையும் ஆயிற்று.

பிற்பகலைக் கைவேலைக்கும் விளையாட்டுக்கும் விட்டுவிடுங்கள். 1910-ஆம் வருஷத்தில் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் ஏற்படுத்திய டால்ஸ்டாய் பண்ணையில், தமிழ்ப் பிள்ளைகள் உள்பட அங்கிருந்தவர்களுக்குக் காலையெல்லாம் தோட்ட வேலையும் வீட்டு வேலையும். ஏட்டுப் படிப்பு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அதுவும் அதிகம் போனால் மூன்று பாடவேளைகள். நாம் வேளையை மாற்றிக்கொள்ளலாம், அளவை மாற்றவேண்டியதில்லை. சமையலறையில் ஒரு வேளைப் பொறுப்பும், மாலையில் தெருப் பிள்ளைகளின் கூட்டமும் இத்திட்டத்தில் பாடங்களேயாகும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்குத் தோழமையில் குறை வரலாகாது.

முதல் வாரத்தில் வியாழக்கிழமை வந்தும் தாளின் வலப் பக்கம் பாதிகூட நிறைவேறாமல் இருக்கும். அந்த நாள்தான் பெற்றோருக்குப் பரீட்சை. "இதற்குத்தான் சொன்னேன்" என்று தாளைப் பிடுங்கிக்கொள்ளக் கை துறுதுறுக்கும். பிடுங்காதீர்கள். ஞாயிறன்று இருவரும் அதே தாளை வைத்துக்கொண்டு, அதிகமாகப் போட்டோமா, கடினமானதை ஒத்திப்போட்டோமா என்று ஆராயுங்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில் பிள்ளைக்கே தன் அளவு தெரிய ஆரம்பிக்கும்.

இதற்குள் காலம் போய்விடுமே என்ற பயம் வேண்டாம். 1989-ஆம் வருஷம் மத்திய அரசாங்கம் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிறைந்த பிள்ளை பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பதிவு செய்துகொள்ளலாம். ஐந்து பாடங்களை ஐந்து வருஷத்துக்குள் ஒவ்வொன்றாகவும் தேறலாம். கைவிட்டுப்போகும் ஒரு வாரத்தை மீட்க வழியிருக்கிறது.

மீட்க முடியாதது வேறொன்று. இன்னும் நான்கைந்து வருஷங்களில் அப்பிள்ளை ஒரு கல்லூரி விடுதி அறையில் தனியே உட்கார்ந்திருக்கும். அங்கே மணியடிப்பவர் இல்லை. சுவரில் கட்டம் போட்டு ஒட்டுபவரும் இல்லை. தன் வாரத்தைத் தானே ஆளப் பழகியிருந்தால், அன்று அது ஒரு தாளை எடுத்து இரண்டாக மடித்து, இரண்டு பக்கங்களையும் தானே எழுதிக்கொள்ளும்.