12 ஜிபி கார்டை 8 ஜிபி கார்டு முந்துவது எப்படி? - கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒரு சின்னக் கேள்வி. முதல் கிராஃபிக்ஸ் கார்டில் 3,584 கோர்கள், 12 ஜிபி நினைவகம், நொடிக்கு 360 ஜிபி டேட்டாவைக் கையாளும் பேண்ட்வித். இரண்டாவது கார்டில் 3,072 கோர்கள், 8 ஜிபி நினைவகம், 272 ஜிபி பேண்ட்வித். எது வேகமான கார்டு?

“இதுல என்ன சந்தேகம், முதல் கார்டுதான்” என்று சொல்லத் தோன்றும். ஆனால், பெரும்பாலான கேம்களில் ஜெயிப்பது இரண்டாவது கார்டு! முதலாவது, 2021 பிப்ரவரியில் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060. இரண்டாவது, 2023 ஜூனில் வந்த ஆர்டிஎக்ஸ் 4060.

கேமுக்காகவோ, வீடியோ எடிட்டிங்குக்காகவோ கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தால், பட்ஜெட்டில் பெரும்பங்கை விழுங்குவது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுதான். பெட்டியில் இருக்கும் எண்களைத் தப்பாகப் புரிந்துகொண்டால், பல ஆயிரம் ரூபாய் வீணாகிவிடும். அந்த எண்கள் உண்மையில் என்ன சொல்கின்றன?

கோர் குறைவு, வேகம் அதிகம்... எப்படி?

கோர் என்பது வேலையாள் மாதிரி. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது மட்டும் போதாது. ஒவ்வொருவரும் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறார் என்பதும் முக்கியம். அந்த வேகம்தான் கிளாக் ஸ்பீட். 3060இன் பூஸ்ட் வேகம் சுமார் 1.78 ஜிகாஹெர்ட்ஸ். 4060க்கு அது 2.46 ஜிகாஹெர்ட்ஸ். ஆள் எண்ணிக்கையையும் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 3060இன் திறன் சுமார் 12.7 டெராஃபிளாப்ஸ், 4060இன் திறன் சுமார் 15.1 டெராஃபிளாப்ஸ்.

இன்னொரு காரணம், கேச். அடிக்கடி தேவைப்படும் டேட்டாவைச் சிப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் இடம் இது. உப்பும் புளியும் அடுப்படி ஷெல்ஃபிலேயே இருந்தால் ஒவ்வொரு முறையும் கடைக்கு ஓட வேண்டாமல்லவா? அதுபோலத்தான். 3060இல் எல்2 கேச் 3 எம்பி. 4060இல் 24 எம்பி. பேண்ட்வித் குறைந்தாலும் 4060 சமாளிப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். கரன்ட்டும் மிச்சம்: 3060க்கு 170 வாட், 4060க்கு 115 வாட்.

டெராஃபிளாப்ஸ் கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 2018இல் வந்த ஆர்டிஎக்ஸ் 2080 டிஐயில் 4,352 கோர்கள். 2020இல் வந்த 3080இல் 8,704. சரியாக இரண்டு மடங்கு! ஆனால், கேம்களில் வேகம் இரண்டு மடங்காகவில்லை. புதிய தலைமுறையில் கோர்களின் வடிவமைப்பே மாறிவிட்டது. இரண்டு வகைக் கணக்குகளை மாறி மாறிச் செய்யும் யூனிட்களும் அதில் கோராக எண்ணப்பட்டன. ஆகவே, கோர் எண்ணிக்கையை ஒரே தலைமுறை கார்டுகளுக்குள் மட்டும் ஒப்பிடலாம். என்விடியாவையும் ஏஎம்டியையும் கோர் கணக்கில் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

அப்போ 12 ஜிபி வீணா?

இல்லை. நினைவகம் என்பது மேஜை மாதிரி. மேஜை பெரிதாக இருப்பதால் கை வேகமாக எழுதிவிடாது. ஆனால், மேஜையில் இடம் போதாவிட்டால், ஒவ்வொரு தாளுக்கும் எழுந்து அலமாரிக்குப் போக வேண்டியிருக்கும். கார்டின் 8 ஜிபி நிரம்பிவிட்டால், மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் சாதாரண ரேமிலிருந்து இழுத்து வர வேண்டும். அப்போதுதான் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. பிளெண்டரில் பெரிய காட்சிகளை ரெண்டர் செய்பவருக்கும், ஏஐ மாடல்களைச் சொந்த கம்ப்யூட்டரிலேயே இயக்குபவருக்கும் பழைய 3060இன் 12 ஜிபி உண்மையிலேயே உதவும்.

இதற்குச் சரியான உதாரணம் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ. 8 ஜிபி மாடலின் அறிமுக விலை 399 டாலர். 16 ஜிபி மாடலுக்கு 499 டாலர். இரண்டிலும் அதே சிப், அதே 4,352 கோர்கள், அதே 288 ஜிபி பேண்ட்வித். 8 ஜிபிக்குள் அடங்கும் கேமில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம்தான். 8 ஜிபியைத் தாண்டும் வேலையில் மட்டும்தான் அந்தக் கூடுதல் 100 டாலருக்குப் பலன் தெரியும்.

ஒரே பெயர், வேற கார்டு

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2017இல் ஜிடி 1030 என்ற சின்ன கார்டு வந்தது. நினைவகம் ஜிடிடிஆர்5, பேண்ட்வித் 48 ஜிபி. அடுத்த ஆண்டு அதே பெயரில், அதே 384 கோர்களுடன், டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொன்று வந்தது. அதன் பேண்ட்வித் வெறும் 16.8 ஜிபி! இரண்டுமே 2 ஜிபி கார்டுகள்தான். ஆனால், கேம்களின் வேகத்தில் பெரிய வித்தியாசம்.

2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் 12 ஜிபி, 16 ஜிபி என இரண்டு கார்டுகளை என்விடியா அறிவித்தது. நினைவகம் மட்டுமல்ல, கோர்களும் வேறு: ஒன்றில் 7,680, மற்றொன்றில் 9,728. கடும் விமர்சனம் எழுந்ததால், விற்பனைக்கு வரும் முன்பே 12 ஜிபி மாடலை நிறுவனம் திரும்பப் பெற்றது. 2023 ஜனவரியில் அதுவே 4070 டிஐ என்ற பெயரில், 100 டாலர் குறைந்த விலையில் வந்தது.

லேப்டாப்பில் இன்னும் கவனம் தேவை. டெஸ்க்டாப் 4090இல் 16,384 கோர்கள். லேப்டாப் 4090இல் 9,728தான். ஒரே 4060 சிப்பையே ஒரு லேப்டாப் 115 வாட்டிலும், இன்னொன்று அதைவிட மிகக் குறைந்த வாட்டிலும் ஓட்டலாம். வாட் குறைந்தால் வேகமும் குறையும்.

‘5070 = 4090’ உண்மையா?

2025 ஜனவரியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு, 1,599 டாலர் 4090இன் செயல்திறனைத் தரும் என்று மேடையில் அறிவித்தார். ஆனால் இதன் பின்னால் இருப்பது ஃபிரேம் ஜெனரேஷன். கேம் உண்மையில் உருவாக்கும் ஒரு ஃபிரேமுக்குக் கூடவே, ஏஐ மூன்று ஃபிரேம்கள் வரை உருவாக்கிச் சேர்க்கும். படம் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால், மவுஸை அசைத்தால் கிடைக்கும் பதில் அந்த அளவுக்கு வேகமாகாது. இந்த வசதியை அணைத்துவிட்டுப் பார்த்தால் 4090 வெகுதூரம் முன்னால் நிற்கிறது.

சரி, எதைத்தான் பார்க்கிறது?

* முழுப் பெயரைப் பாருங்கள். டிஐ, சூப்பர், எத்தனை ஜிபி, எந்த வகை நினைவகம் என்பதெல்லாம் பெயரின் பகுதிதான். லேப்டாப் என்றால் வாட் அளவைக் கேளுங்கள்.

* உங்கள் மானிட்டரின் ரெசொல்யூஷனில், உங்கள் வேலைக்கான பெஞ்ச்மார்க்கைத் தேடுங்கள். 1080பி மானிட்டர் வைத்திருப்பவருக்கு 4கே ரிசல்ட்டால் பயனில்லை.

* சராசரி எஃப்பிஎஸ்ஸோடு ‘1 சதவீத லோ’ எண்ணையும் பாருங்கள். மிக மெதுவாக வந்த ஃபிரேம்களின் வேகம் அது. சராசரி 90 இருந்தும், இது 25 ஆக இருந்தால் கேம் திக்கும்.

* ஃபிரேம் ஜெனரேஷன் ஆனா, ஆஃபா என்று பாருங்கள்.

* விலையைச் சராசரி எஃப்பிஎஸ்ஸால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 30,000 ரூபாய் கார்டு 60 எஃப்பிஎஸ் தந்தால் ஒரு ஃபிரேமுக்கு 500 ரூபாய். 42,000 ரூபாய் கார்டு 75 தந்தால் 560 ரூபாய். கூடுதல் 12,000 தேவையா என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும்.

* உங்கள் பவர் சப்ளை அந்த வாட்டைத் தாங்குமா, கேபினட்டுக்குள் கார்டு நுழையுமா என்பதையும் வாங்கும் முன்பே உறுதிசெய்யுங்கள்.

கடையில் “எத்தனை ஜிபி?” என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். “நான் ஓட்டப்போற சாஃப்ட்வேர்ல, என் மானிட்டர்ல இது எவ்வளவு வேகமா ஓடும்?” என்று கேளுங்கள். அதற்குப் பதில் பெட்டியில் இருக்காது, பெஞ்ச்மார்க்கில்தான் இருக்கும்.