விடிய ஒரு பூபாளம், உறங்க ஒரு நீலாம்பரி

2009ஆம் ஆண்டு சித்திரை மாதக் கடைசியில் நானும் எனது இரண்டரை வயது மகளும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தோம். கணவர் எங்களுடன் வரவில்லை. மாத்தளனில் ஷெல் பட்டு அவர் இறந்து அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு கூடாரத்துக்குள் மூன்று குடும்பங்கள். பகலில் பிள்ளை ஒருவருடனும் கதைக்க மாட்டாள். இரவில் உறங்க மாட்டாள். யாராவது வாளியைக் கீழே போட்டாலும், தண்ணீர் பவுசரின் கதவு அடிபட்டாலும், "பங்கருக்குள்ள போவம் அம்மா" என்று எனது சட்டையைப் பிடித்து இழுப்பாள்.

பக்கத்துக் கூடாரத்தில் முல்லைத்தீவுக் கரையோரத்தைச் சேர்ந்த ஓர் ஆச்சி இருந்தார். சேலையால் ஏணை கட்டிப் பேரக்குழந்தையை ஆட்டிக்கொண்டே தாலாட்டுப் பாடுவார். பெரிய குரல் இல்லை. கூடாரச் சீலையைத் தாண்டி மெல்லக் கேட்கும். மூன்றாம் நாள் இரவு, அந்தப் பாட்டு வந்த பக்கம் தலையைத் திருப்பியபடி என் மகள் எனது மடியில் உறங்கிப்போனாள். முகாமுக்கு வந்த பின் அழாமல் அவள் உறங்கிய முதல் இரவு அது.

எனக்கு ஒரு விடயம் புரிந்து உடம்பு சிலிர்த்தது. ஆச்சி பாடியது நீலாம்பரி. சிறுவயதில் வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளுக்குத் தோற்றியவள் நான். ராகங்களின் ஆரோகண அவரோகணங்களை மனனம் செய்து புள்ளிகள் எடுத்தவள். மறுநாள் ஆச்சியிடம் கேட்டேன்.

"ஆச்சி, நீங்கள் பாடுறது என்ன ராகம் எண்டு தெரியுமோ?"

"ராகமோ? அது எங்கட அம்மா பாடினது, பிள்ளை. நீயும் பாடன்."

"குரல் வருகுதில்லை, ஆச்சி."

"வராட்டி முனகு. பிள்ளைக்கு அது காணும்."

எனக்கு ராகத்தின் பெயர் தெரிந்திருந்தது. ஆச்சிக்கு அதன் பயன் தெரிந்திருந்தது. அன்றிரவு நான் முனகத் தொடங்கினேன்.

முன்பள்ளியில் நான் விட்ட பிழை

2010இல் ஊருக்குத் திரும்பினோம். அடுத்த ஆண்டு தறப்பாள் கூரையின் கீழ் தொடங்கிய முன்பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். இசை தெரிந்த ஆசிரியை என்ற நினைப்பில், நாள் மங்களமாகத் தொடங்கட்டும் என்று நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த ஓர் இறுவட்டை முதல் நாள் காலையிலேயே போட்டேன். தவிலின் முதல் அடி விழுந்ததும் நாலு வயதுப் பையன் ஒருவன் பாயைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டான். காற்சட்டையும் நனைந்துவிட்டது. அழைக்க வந்த தாய், "ரீச்சர், அவனுக்கு அடிக்கிற சத்தம் ஆகாது" என்று மெதுவாகச் சொன்னார். என் மகளுக்கு ஆகாதது அவனுக்கும் ஆகாது என்று எனக்குத் தோன்றாமற் போனதே என வெட்கப்பட்டேன்.

தவில் எங்கள் மண்ணின் பெருமை. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி அவர்களின் (1933 - 1975) வாசிப்பைத் தமிழ்நாட்டு வித்துவான்களே வியந்து போற்றினார்கள். பிழை தவிலில் இல்லை. எந்தப் பிள்ளைக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு சத்தத்தில் என்று பாராமல் எடுத்துப் போட்ட என்னில்தான் இருந்தது.

பிறகு வீணைக்கு மாறினேன். இசையைப் போடுமுன், "இப்ப வீணை கேட்கப் போகுது" என்று பிள்ளைகளிடம் சொல்லத் தொடங்கினேன். சில மாதம் கழித்து ஆளுக்கொரு வெறும் பால்மா ரின்னைக் கொடுத்து விரல்களால் தட்டவிட்டேன். அந்தப் பையன் முதலில் ஒரு விரலால் தட்டினான். பிறகு இரண்டு கையாலும் தட்டினான். தானே எழுப்பும் சத்தத்துக்குப் பிள்ளை அவ்வளவாகப் பயப்படுவதில்லை. எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்பது அவன் கையிலேயே இருக்கிறது அல்லவா? அடுத்த ஆண்டுக் கோயில் திருவிழாவில், காதைப் பொத்திக்கொண்டுதான் என்றாலும், தவிலுக்கு முன்னால் தாயின் கையோடு நின்றான்.

இந்த அனுபவத்திலிருந்து நான் மூன்று விடயங்களைக் கற்றுக்கொண்டேன். சிறு பிள்ளைக்கான இசை சத்தம் குறைந்ததாக இருக்க வேண்டும். திடீரென வெடித்து எழக் கூடாது. நாள்தோறும் அதே நேரத்தில் அதே இசையாக வர வேண்டும். இதில் மூன்றாவதே முக்கியமானது. அடுத்து என்ன வரும் என்று தெரியாத வாழ்க்கையில் பயம் வளர்கிறது. "இந்தப் பாட்டு முடிந்தால் சாப்பாடு, அந்தப் பாட்டு வந்தால் நித்திரை" என்று பிள்ளைக்குத் தெரிந்தால் மனம் ஆறுகிறது.

கடன்பட்டு வாங்க வேண்டுமா?

சில ஆண்டுகளுக்குப் பின் எங்கள் பகுதிக்கு ஒரு வியாபாரி வந்தார். மேனாட்டு சாஸ்திரிய இசையைக் கேட்டால் பிள்ளையின் மூளை வளரும், புலமைப்பரிசிலில் சித்தியடையும் என்று சொல்லி இறுவட்டுத் தொகுதிகளைத் தவணைக் காசுக்கு விற்றார். கணவரை இழந்து தனியே மூன்று பிள்ளைகளை வளர்க்கும் ஒரு சகோதரி, ஏற்கெனவே இருந்த கடனோடு இதையும் வாங்கிவிட்டு, "என்ர பிள்ளை மட்டும் பின்னுக்கு நிக்கக் கூடாது ரீச்சர்" என்றார்.

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதைத் தாய்மார் அறிந்திருப்பது நல்லது. 1993இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 36 பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு செய்யப்பட்டது. மொசார்ட்டின் பியானோ இசையைப் பத்து நிமிடம் கேட்ட பின், வடிவங்களை மனதில் மடித்துப் பார்க்கும் சோதனையை அவர்கள் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலன் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. சிறு பிள்ளைகள் அந்த ஆய்வில் இருக்கவும் இல்லை. ஆனால் செய்தி ஊதிப் பெருத்தது. 1998இல் ஜோர்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைப்பதிவு கொடுக்க அரச பணம் கேட்டார். பின்னர் நடந்த ஆய்வுகள் பலவும் இசையைக் கேட்பதால் மட்டும் அறிவு கூடுவதாகக் காட்டவில்லை.

மொசார்ட் நல்ல இசைதான். விரும்பினால் கேட்கலாம். அதற்காகக் கடன்படத் தேவையில்லை. இசை பிள்ளைக்குத் தருவது அமைதி, தாயின் அருகாமை, சொற்களின் பழக்கம், நாளுக்கு ஓர் ஒழுங்கு. இவற்றுக்கு விலை இல்லை.

ஒரு நாளுக்கு ஏற்ற இசை

எங்கள் வீட்டிலும் முன்பள்ளியிலும் பயன்பட்ட ஒழுங்கை இங்கே தருகிறேன். இன்ன ராகத்தை இன்ன நேரத்தில் பாட வேண்டும் என்ற பழக்கம் நம் இசையில் உண்டு. அது கட்டாயமான விதி அல்ல. உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

விடிய: பூபாளம் விடியலுக்குரிய ராகம். தேவாரப் பண்களில் புறநீர்மையை இந்த ராகத்திலேயே பாடுகிறார்கள். பிள்ளையைத் தட்டி எழுப்பாமல், அருகில் இருந்து மெல்லப் பாடுங்கள், அல்லது குழலிசையை மிகக் குறைந்த சத்தத்தில் போடுங்கள். என். ரமணி, டி.ஆர். மகாலிங்கம் ஆகியோரின் குழலிசைப் பதிவுகள் இன்று கைபேசியிலேயே கிடைக்கின்றன.

விளையாட: மோகனம் உற்சாகமான ராகம். பூபாளத்தைப் போலவே ச, ரி, க, ப, த என்ற ஐந்து சுரங்கள்தான். ரி, க, த நிற்கும் இடங்கள் மாறியதும் குணமே மாறிவிடுகிறது. இசை பழகத் தொடங்குவோர் பாடும் 'வரவீணா' கீதம் மோகனத்தில் அமைந்தது. முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுக்களுக்குச் சொல் அமைத்த நோட்டு சுரங்களும் துள்ளி நடக்க ஏற்றவை. 'சக்தி சஹித கணபதிம்' அவற்றில் ஒன்று.

கை கழுவ: ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு இரண்டு முறை தட்டித் திருப்புதல். விநாடிக்கு ஒன்றாக மூன்று ஆவர்த்தனம் சொன்னால் 24 விநாடி. சவர்க்காரம் போட்டுக் கை தேய்க்க இருபது விநாடியாவது வேண்டும் என்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் "தக திமி" சொல்லிக்கொண்டே கையைத் தேய்ப்பார்கள். "கழுவு, கழுவு" என்று சத்தம் போடும் வேலை எனக்கு இல்லாமற் போனது.

வீடு திரும்ப: கச்சேரியின் முடிவில் மத்தியமாவதியைப் பாடுவது வழக்கம். முன்பள்ளி முடியும்போது நாங்களும் அதிலேயே ஒரு சிறு பாட்டுப் பாடி முடிப்போம். அம்மா வரப் போகிறார் என்பதற்கு அது அடையாளம். தாயைப் பிரிந்திருக்க அழும் பிள்ளைகளுக்கு இந்த அடையாளம் பெரிய ஆறுதல்.

உறங்க: நீலாம்பரி, ஆனந்தபைரவி, நவரோஜ், குறிஞ்சி ஆகியவை தாலாட்டுக்குப் பேர்போனவை. தேவாரத்தில் மேகராகக்குறிஞ்சி என்ற பண்ணை நீலாம்பரியாகப் பாடுகிறார்கள். பாபநாசம் சிவன் காபி ராகத்தில் அமைத்த 'என்ன தவம் செய்தனை' என்ற பாடலும் பிள்ளையை மடியில் வைத்துப் பாட உகந்தது. கச்சேரிப் பதிவைப் போடுவதாயின் ஆலாபனைப் பகுதி மட்டும் போதும். சுரம் விரைந்து மிருதங்கம் ஓங்கும் பகுதி வந்தால் உறங்கிய பிள்ளையும் எழுந்துவிடும்.

கிறிஸ்தவ வீடுகளில் தங்கள் கீதங்களை இதே முறையில் பாடலாம். சொல்லே வேண்டாம் என்போருக்கு வீணையும் குழலும் வயலினும் இருக்கின்றன.

கவனிக்க வேண்டியவை

இசையை விட உங்கள் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் கூடிவிட்டது என்று பொருள். கைபேசியை ஏணைக்குள்ளோ தலையணைக்குக் கீழோ வைக்க வேண்டாம். திரையைக் கவிழ்த்து எட்ட வையுங்கள். பாட்டின் நடுவே விளம்பரம் அலறினால் பிள்ளை திடுக்கிடும். ஆகவே பதிவிறக்கி வைத்துப் போடுவது நல்லது. நாள் முழுவதும் இசை ஓடிக்கொண்டிருக்கவும் வேண்டாம். அப்போது அது வெறும் இரைச்சலாகிவிடும். பிள்ளை முகத்தைத் திருப்பினால், காதைப் பொத்தினால் உடனே நிறுத்துங்கள்.

ஆறு மாதமாகியும் உங்கள் குரலுக்குத் திரும்பாத பிள்ளையைப் பற்றிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். காதைப் பரிசோதிக்க வேண்டும். வாரக்கணக்கில் உறங்காமல், சாமத்தில் அலறி எழும் பிள்ளைக்குத் தாலாட்டு மட்டும் போதாது. வைத்தியசாலையில் உள்ள மனநலப் பிரிவை நாடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் என் மகளைக் கூட்டிச் சென்றவள்தான்.

பாட முடியாத தாய்மாருக்கு

"எனக்குப் பாட்டு வராது" என்று சொல்லும் தாய்மார் பலர். சிலருக்குப் பாட்டு வரும். ஆனால் வாயைத் திறந்தால் அழுகைதான் முதலில் வருகிறது. எனது கணவர் விரும்பிக் கேட்ட ஒரு கீர்த்தனை உண்டு. இன்றுவரை அதை நான் பாடியதில்லை. அந்தப் பாட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு வேறு பாட்டை எடுத்துக்கொண்டேன். நீங்களும் அப்படிச் செய்யலாம். எதையும் வலிந்து பாட வேண்டியதில்லை.

தாயின் வயிற்றில் இருக்கும்போதே, ஆறு மாதம் கடந்த சிசு அவளது குரலைக் கேட்கத் தொடங்குகிறது. பிறந்த குழந்தை எல்லாக் குரல்களிலும் அதைப் பிரித்தறிகிறது. சுருதி விலகுகிறதா, தாளம் தப்புகிறதா என்று பார்த்துப் புள்ளி போட எந்தப் பிள்ளையும் பரீட்சகர் அல்ல.

இன்று என் மகள் வளர்ந்துவிட்டாள். வானத்தில் இடி முழங்கினால் இன்னமும் அவள் முகம் மாறுகிறது. அது முழுவதாகப் போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போன மாரியில் ஒரு நாள் இரவு, பெரிய இடி ஒன்று விழுந்தபோது பக்கத்து வீட்டுக் குழந்தை வீரிட்டு அழுதது. தாய் கிணற்றடியில் நின்றார். என் மகள் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முனகத் தொடங்கினாள். நான் வாசலில் நின்று கேட்டேன். அது ஆச்சியின் பாட்டு.

இன்றிரவு விளக்கை அணைத்த பின், உங்கள் பிள்ளையின் அருகில் ஐந்து நிமிடம் இருங்கள். பாட்டு வந்தால் பாடுங்கள். வராவிட்டால் முனகுங்கள். நாளைக்கும் அதே நேரத்தில் அதையே செய்யுங்கள். பிள்ளைக்கு அது காணும்.