மேளக்காரரா, மோட்டாரா?

சித்தூர், திருப்பதி பக்கத்துச் சின்னக் கோயில்கள் பலவற்றில் தீபாராதனை நேரத்தில் ஒரு சுவிட்சைப் போட்டால் போதும். மோட்டார் சுழலும், குச்சிகள் முரசில் விழும், மணியும் தாளமும் சேர்ந்து அதிரும். செலவு ஒரே தடவைதான். சம்பளம் கிடையாது, விடுப்பும் கேட்காது.

தேவாலயங்களிலும் இதே கணக்குதான். சென்னை எழும்பூர் புனித அந்திரேயா தேவாலயத்தில் 1883-ஆம் ஆண்டின் குழாய் ஆர்கன் இருக்கிறது. குழாய்க்குள் காற்று புகுந்தால்தான் அதில் ஒலி. வெயிலும் ஈரமும் சுருதியைக் கலைக்கும். சரிசெய்யத் தெரிந்தவர்களோ அபூர்வம். அதனால் பல சபைகள் மின்னணுக் கீபோர்டோடு நின்றுவிட்டன. அதையாவது ஒரு மனிதர் வாசிக்கிறார்!

கோயில் இயந்திரத்துக்குத் தெரிந்தது ஒரே தாளம். சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டையில் மல்லாரி, காலையில் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி என்று நாதஸ்வரக்காரர் வேளையறிந்து வாசிப்பார். அந்த வித்தையைக் கற்றுத்தர திருமலை திருப்பதி தேவஸ்தானம் திருப்பதியில் நாதஸ்வர, டோலு பள்ளி நடத்துகிறது. டோலு, நம் தவில்தான்.

தினமும் முடியாவிட்டாலும், திருவிழா நாளிலாவது மோட்டாரை நிறுத்திவிட்டு மேளக்காரரைக் கூப்பிடுங்கள். பேசிய கூலியையும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.