பழியை ஏற்றார், புகழைக் கொடுத்தார்! ராக்கெட் பேராசிரியர் தவான் கதை

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் சென்னைவாசிகள் மொட்டை மாடிக்கு ஓடுகிறார்கள். அந்தத் தளத்துக்கு சதீஷ் தவான் என்று பெயர். யார் இந்த தவான்?

விமானப் பாடம் சொன்ன வாத்தியார்! 1920-ல் ஸ்ரீநகரில் பிறந்தவர். லாகூரில் கணிதம், ஆங்கில இலக்கியம், என்ஜினீயரிங் மூன்றும் படித்தார். அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கி, 1951-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். 1962-ல் அதன் டைரக்டர் ஆனார்.

1972-ல் "இஸ்ரோ" தலைவர் பதவி தேடி வந்தது. கழகத்தை விட மாட்டேன் என்று நிபந்தனை போட்டார். அரசு சம்மதித்தது. இரண்டு வேலையும் பார்த்தார்.

கடலில் விழுந்தது

1979 ஆகஸ்டு 10. எஸ்.எல்.வி.-3 ராக்கெட் சீறிப் பாய்ந்தது. ஐந்தே நிமிஷம்தான்! வங்கக் கடலில் விழுந்தது. வால்வு கோளாறு.

திட்ட டைரக்டர் யார் தெரியுமா? நம்ம ராமேசுவரம் அப்துல் கலாம்! என்ன ஆச்சு என்று நிருபர்கள் மொய்த்தார்கள். தவான் கலாமை மாட்டிவிடவில்லை. தானே மைக் முன் போய் உட்கார்ந்தார். பொறுப்பு என்னுடையது என்றார். அடுத்த தடவை ஜெயிப்போம் என்றார்.

ஜெயித்தது

1980 ஜூலை 18. 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோள் வானில் சுற்றியது. மறுபடி நிருபர்கள் கூட்டம். இந்தத் தடவை தவான் ஒதுங்கிக்கொண்டார். கலாமைப் பேசச் சொன்னார்!

ஜனாதிபதி ஆன பிறகும் கலாம் இதை மேடைக்கு மேடை சொன்னார்.

2002 ஜனவரி 3-ல் தவான் காலமானார். அதே ஆண்டு தளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. மேலதிகாரி என்றால் இப்படி இருக்கணும்!