கல்லூரியைத் தெரிந்தெடுத்தலில் பெற்றோரின் பங்கு

நடுத்தரக் குடும்பம் ஒன்று தன் வாழ்நாளில் மேற்கொள்ளும் பெருஞ்செலவுகளுள், வீட்டுக்கும் திருமணத்துக்கும் இணையாக, மக்களின் கல்லூரிப் படிப்பும் இன்று இடம்பெற்றுவிட்டது. வீடு வாங்குமுன் வில்லங்கச் சான்று பார்க்கப்படுகிறது. பெண் கொடுக்குமுன் நான்கு இடங்களில் விசாரிக்கப்படுகிறது. கல்லூரியைப் பொறுத்த மட்டில், அண்டை வீட்டாரின் வாய்ச்சொல்லும் நாளிதழின் முழுப்பக்க விளம்பரமுமே பல குடும்பங்களில் போதிய ஆதாரமாகக் கொள்ளப்படுகின்றன.

இந்நிலைக்குப் பெற்றோரை மட்டும் குறை கூறுவது முறையன்று. 2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 1,168 பல்கலைக்கழகங்களும் 45,473 கல்லூரிகளும் இருந்தன. உயர்கல்வி பயில்வோர் ஏறத்தாழ 4.33 கோடிப் பேர். 18 முதல் 23 வயதுக்குட்பட்ட மக்கள்தொகையுடன் ஒப்பிடுகையில் இச்சேர்க்கை நூற்றுக்கு 28.4 ஆகும். 2035-ஆம் ஆண்டுக்குள் இதை 50 ஆக உயர்த்துவது 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வகுத்துள்ள இலக்கு. இதன் பொருள் யாதெனில், கல்லூரி வாசலையே மிதித்திராத பெற்றோரின் பிள்ளைகள் இனிவரும் ஆண்டுகளில் மென்மேலும் பெருந்தொகையினராக அவ்வாசலை அடைவர் என்பதே.

விற்பவருக்குச் சரக்கின் தரம் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாதிருக்கும் சந்தையில் நேர்வது என்ன என்பதைப் பழைய மோட்டார் கார் வணிகத்தை உதாரணமாகக் கொண்டு அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் விளக்கினார். அத்தகைய சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை வெளியேற்றிவிடும் என்பது அவர் கண்ட முடிவு. 2001-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற மூவருள் அவரும் ஒருவர். கல்லூரிக் கல்வி பழைய காரைவிடவும் சிக்கலான சரக்கு. காரை விற்று வேறு வாங்கலாம். பதினெட்டு வயதில் செலவழிந்த நான்கு ஆண்டுகளை மீட்க இயலாது. எனவே வாங்குபவர் பக்கத்து அறியாமையைக் குறைப்பதே முதல் தேவை. அதற்கு வேண்டிய செய்திகளிற் பெரும்பகுதி இன்று அரசு நிறுவனங்களால் இலவசமாகவே வெளியிடப்படுகிறது. அவற்றைப் பிள்ளையுடன் அமர்ந்து படிப்பதுதான் பெற்றோர் ஆற்றத்தக்க முதற்பணி.

பட்டம் செல்லுமா?

பட்டம் வழங்கும் உரிமை மத்திய, மாநிலச் சட்டங்களால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்களுக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றச் சட்டத்தால் சிறப்பாக அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு என்று 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் கூறுகிறது. இவ்வரம்புக்குள் வராமலே பட்டம் வழங்கும் நிறுவனங்களின் பெயர்களை மானியக் குழு அவ்வப்போது வெளியிட்டு வருகிறது. 2023 ஆகஸ்டில் வெளியான பட்டியலில் 20 பெயர்கள் இருந்தன; அவற்றுள் எட்டு, நாட்டின் தலைநகரான தில்லியிலேயே இயங்கின. பெருநகர முகவரியும் கம்பீரமான பெயரும் உரிமைக்குச் சான்றாகா என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

சட்டத்தின் தோற்றத்துடன் அமைந்தவை பின்னர் வீழ்ந்ததும் உண்டு. சத்தீஸ்கர் மாநிலம் 2002-இல் இயற்றிய தனியார் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ்க் குறுகிய காலத்தில் 112 பல்கலைக்கழகங்கள் தோன்றின. போதிய கட்டடமோ ஆசிரியரோ இன்றி ஏட்டளவில் நிறுவப்பட்டவை அவற்றுட் பல. அறிவியலறிஞரும் மானியக் குழுவின் முன்னாள் தலைவருமான பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில், அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாவென 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உண்மையிற் பயின்றுகொண்டிருந்த மாணவர்களின் நலன் கருதி, அக்கல்வி நிலையங்களை அரசுப் பல்கலைக்கழகங்களுடன் இணைப்பதற்கு வழி செய்ய வேண்டியதாயிற்று. முன் அனுமதியின்றித் தொலைநிலை வழியில் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில வழங்கிய பொறியியற் பட்டங்கள் 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் முன் நிற்க இயலாமற் போயின. அப்பட்டங்களை நம்பி வேலையும் பதவி உயர்வும் பெற்றிருந்தோரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே இரு நிலைகளில் சரிபார்த்தல் அவசியமாகிறது. பல்கலைக்கழகம் மானியக் குழுவின் பட்டியலில் உள்ளதா என்பது ஒன்று. குறிப்பிட்ட படிப்புக்கு, அத்துறையைக் கண்காணிக்கும் அமைப்பின் அனுமதி, சேரவிருக்கும் ஆண்டுக்கு உண்டா என்பது மற்றொன்று. மருத்துவத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம், சட்டத்துக்கு இந்திய வழக்கறிஞர் மன்றம், தொழில்நுட்பக் கல்விக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு எனத் தனித்தனி அமைப்புகள் உள்ளன. கல்லூரி புகழ்பெற்றதாயினும், அதில் புதிதாகத் தொடங்கிய ஒரு படிப்பு அனுமதியின்றி இருக்கக்கூடும்.

எண்களைப் படிக்கும் முறை

தரத்தை அறிவதற்கு இரண்டு ஏற்பாடுகள் பெற்றோரிடையே பரவலாக அறியப்பட்டுள்ளன. 1994-இல் நிறுவப்பட்டுப் பெங்களூரிலிருந்து இயங்கும் தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்றுக் குழு, அதாவது நாக், வழங்கும் சான்று முதலாவது. அச்சான்றுக்குக் காலவரையறை உண்டு. நுழைவாயிலில் பெரிய எழுத்தில் பொறிக்கப்பட்ட தரம் எந்த ஆண்டு பெறப்பட்டது என்பதைக் கவனிக்காதோர் பலர். இரண்டாவது, 2016 முதல் வெளிவரும் என்.ஐ.ஆர்.எஃப். எனப்படும் தேசிய நிறுவனத் தரவரிசை.

இத்தரவரிசையில் நிறுவனத்தின் இடம் 30-ஆ 45-ஆ என்பது குறித்துக் குடும்பங்களில் நிகழும் வாதம் பெரும்பாலும் பயனற்றது. ஒட்டுமொத்தப் பட்டியலில் ஆராய்ச்சிக்கும் தொழில்சார் பணிக்கும் அளிக்கப்படும் பங்கு நூற்றுக்கு 30. இளநிலை வகுப்பிற் சேரும் பதினேழு வயது மாணவருக்கு அதனால் நேரடியாக விளையும் நன்மை சிறிதே. வரிசை எண்ணைவிட மதிப்பு மிக்கது, நிறுவனங்கள் அதற்கெனச் சமர்ப்பிக்கும் விவரத்தாள். அனுமதிக்கப்பட்ட இடங்கள், சேர்ந்தோர், உரிய காலத்திற் படிப்பை முடித்தோர், வேலை பெற்றோர், அவர்தம் ஊதியத்தின் இடைநிலை அளவு, மேற்படிப்புக்குச் சென்றோர் ஆகிய விவரங்கள் ஆண்டுவாரியாக அதில் உள்ளன. நிறுவனமே தந்த விவரம் என்ற எச்சரிக்கையுடன் இதைப் படித்தல் நன்று. ஆயினும் விளம்பரத்திற் காணப்படாத எண்கள் இவை.

இடைநிலை அளவு ஏன் முக்கியம் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். வேலை பெற்ற பத்து மாணவருள் ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ. 40 லட்சமும் ஏனைய ஒன்பதின்மருக்கு ரூ. 3 லட்சமும் ஊதியம் எனக் கொள்வோம். சராசரி ரூ. 6.7 லட்சம் என்று கல்லூரி அறிவிக்கலாம். அது பொய்யும் அன்று. ஆனால் அச்சராசரியை ஒட்டிய ஊதியம் அங்கு ஒருவருக்குமே கிடைக்கவில்லை. ஊதியங்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால் ரூ. 3 லட்சம் என்ற உண்மை வெளிப்படும். வேலை பெற்றோரின் விழுக்காடும் மொத்த மாணவரைக் கொண்டு கணக்கிடப்பட்டதா, நேர்காணலுக்குப் பதிவு செய்தவரை மட்டும் கொண்டா என்று கேட்டறிதல் வேண்டும்.

தகுதி விதிகளைப் படிப்பதில் காலதாமதம் கூடாது. மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வு 2022-இல் அறிமுகமாயிற்று. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் சிறப்புப் பட்டப்படிப்பை விரும்பும் மாணவர் அத்தேர்வில் கணிதத் தாளையும் எழுதியிருத்தல் வேண்டும். பொருளியலுக்குக் கணிதம் எதற்கு என்று பதினோராம் வகுப்பில் அதைக் கைவிட்டவருக்கு, பன்னிரண்டாம் வகுப்பின் இறுதியிலேதான் இவ்விதி கண்ணில் படுகிறது. தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தாருக்கு உரியவை. எந்த மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறினாரோ அம்மாநிலமே மாணவருக்குரியதாகக் கொள்ளப்படும். அடிக்கடி மாற்றலுக்கு உள்ளாகும் ஊழியர், பிள்ளையை மேல்நிலைக் கல்விக்கு எங்கே விட்டுவைப்பது என்று முடிவு செய்யும்போது இதையும் கருத வேண்டியுள்ளது.

விருப்பப் பட்டியல் யாருடையது?

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் 23, தேசியத் தொழில்நுட்பக் கழகங்கள் 31, இவற்றோடு பிற மத்திய நிறுவனங்கள் ஆகியவற்றின் இடங்கள் 2015 முதல் கூட்டு ஒதுக்கீட்டு அமைப்பின் வாயிலாக நிரப்பப்படுகின்றன. மாணவர் தம் விருப்பங்களை வரிசைப்படுத்தி அளிக்க, தரவரிசை எண்ணுக்கேற்பக் கணிப்பொறி இடம் ஒதுக்குகிறது. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்னும் இரு கணித அறிஞர்கள் 1962-இல் கல்லூரிச் சேர்க்கையை வைத்தே எழுதிய ஓர் ஆய்வுரை இவ்வகை முறைகளுக்கு அடிப்படை. ஷாப்லி 2012-இல் நோபல் பரிசு பெற்றார்.

இம்முறையின் தன்மையைப் பெற்றோர் பலர் தவறாகவே புரிந்துகொண்டுள்ளனர். எட்டாத இடத்தை முதலில் எழுதினால் எட்டும் இடமும் கைநழுவிவிடும் என அஞ்சி, உண்மையில் விரும்பும் கல்லூரியைப் பட்டியலின் கீழே தள்ளுகின்றனர். இவ்வச்சத்துக்கு இடமில்லை. மேலே எழுதிய இடம் கிடைக்காதபோது, அதைக் கேளாதவர் போன்றே அடுத்த இடத்துக்கு மாணவர் கருதப்படுகிறார். ஆனால் மேலே எழுதியது கிடைத்துவிட்டால், கீழே எழுதியவை அனைத்தும் தாமாகவே நீங்கிவிடுகின்றன. இயற்பியல் பயில விரும்பும் மகளின் பட்டியலில், ஊரார் மதிப்புக்காகத் தந்தை கணிப்பொறியியலை முதலில் எழுதிவிட்டால், கணிப்பொறி தந்தையின் விருப்பத்தை மகளின் விருப்பமாகவே எடுத்துக்கொண்டு இடத்தை ஒதுக்கும். இயற்பியல் இடம், அவள் தகுதி பெற்றிருந்தும், மற்றொருவருக்குப் போகும்.

வரிசையை எழுதும் கை மாணவருடையதாக இருத்தல் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். இது வெறும் செல்லம் அன்று. பெற்றோர் செய்யத்தக்கது, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே முந்தைய ஆண்டின் இறுதித் தரவரிசை எண், மொத்தச் செலவு, விடுதி வசதி, பயணத் தொலைவு ஆகியவற்றைக் குறித்துத் தருவதும், ஏன் இது அதற்கு மேலே என்று வினவுவதும் ஆகும். காரணம் கூற இயலாத வரிசையைப் பிள்ளை தானே மாற்றிக்கொள்ளும். அந்நிறுவனத்தில் இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவர் ஒருவரிடம் அரைமணி நேரம் பேசச் செய்தல், வண்ணக் கையேடுகள் பத்தினும் மேலானது. மாநில அரசுகளின் கலந்தாய்வுகளும் தனியார் நிறுவனங்களின் சேர்க்கையும் வேறு விதிகளின்படி நடைபெறக்கூடும் என்பதால், ஒவ்வொன்றின் விதியையும் தனியே படித்தறிதல் வேண்டும்.

பணத்தைப் பற்றிய பேச்சு

பெற்றோர் பிள்ளைகளிடம் மறைக்கும் செய்தி பெரும்பாலும் ஒன்றே: தம்மால் எவ்வளவு செலவழிக்க இயலும் என்பது. பிள்ளையின் ஆர்வம் குன்றிவிடும் என்று கருதி இதைப் பேசாது விடுகின்றனர். இடம் கிடைத்த பின்னர், கட்டணம் கட்டும் நாளில், இயலாது என்கின்றனர். பட்டியல் எழுதுமுன்னரே தொகையைச் சொல்லிவிட்டால், பதினேழு வயது மாணவர் அதைத் தாங்கிக்கொள்ளும் அறிவு படைத்தவரே.

கடன் இக்கணக்கில் ஒரு பகுதி. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம், தரத்தில் முன்னணியிலுள்ள 860 நிறுவனங்களில் இடம் பெறுவோர்க்குப் பிணையமோ உத்தரவாதமோ இன்றிக் கடன் பெற வழி செய்தது. ஆண்டு வருமானம் ரூ. 8 லட்சத்துக்கு மேற்படாத குடும்பத்து மாணவருக்கு, ரூ. 10 லட்சம் வரையிலான கடனில், தவணை தொடங்குமுன் உள்ள காலத்துக்கு 3 விழுக்காடு வட்டி மானியமும் இதில் அடங்கும். மானியம் எத்தகையதாயினும் அசல் திரும்பச் செலுத்த வேண்டியதே. ரூ. 8 லட்சம் கடனுக்கு, படிப்புக் கால வட்டி அவ்வப்போது செலுத்தப்பட்டதாகக் கொண்டு, 10 விழுக்காடு வட்டியில் பத்தாண்டுத் தவணை எனில், மாதந்தோறும் ஏறத்தாழ ரூ. 10,570 கட்ட வேண்டும். மேற்கண்ட ரூ. 3 லட்ச இடைநிலை ஊதியம் மாதத்துக்கு ரூ. 25,000 ஆகும், அதில் ஐந்தில் இரு பங்குக்கு மேல் கடனுக்கே போய்விடும். இக்கணக்கை மாணவரே தம் கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. கடன் அவர் பெயரிலும் அல்லவா இருக்கப் போகிறது?

இறுதியாக, சேர்ந்த பின் வேறு நல்ல இடம் கிடைக்கும் நிலை. பல கல்லூரிகளின் சேர்க்கை முன்பின்னாக நடைபெறுவதால் இது அடிக்கடி நேர்கிறது. மானியக் குழு 2018-இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கையின் இறுதி நாளுக்குப் பதினைந்து நாட்களோ அதற்கு மேலோ இருக்கையில் விலகினால் முழுக் கட்டணமும், அதற்குப் பின்னர் இறுதி நாளுக்குள் விலகினால் 90 விழுக்காடும், இறுதி நாளுக்குப் பிந்திய பதினைந்து நாட்களில் 80 விழுக்காடும், அடுத்த பதினைந்து நாட்களில் 50 விழுக்காடும் திருப்பித் தரப்படல் வேண்டும். அதன் பின்னர் ஏதும் இல்லை. முழுத் தொகை திரும்பும் நிலையிலும் செயல்முறைக் கட்டணமாக 5 விழுக்காடு, உச்ச வரம்பு ரூ. 5,000, பிடித்துக்கொள்ளலாம். பிந்திய கல்வியாண்டுகள் சிலவற்றுக்கு மாணவருக்கு மேலும் சாதகமான தேதிகளையும் குழு அறிவித்தது. ஆதலின் நடப்பாண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்வசம் வைத்துக்கொள்வதை அதே 2018 அறிவிப்பு தடை செய்கிறது. சரிபார்த்தவுடன் அவற்றை மாணவரிடமே திருப்பி அளித்துவிட வேண்டும். சேர்க்கை நாளன்று சான்றிதழ்களை ஒப்படைக்குமுன் இதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு, உடன் செல்லும் பெற்றோருடையது.